ஏழு நாள் விடுப்பு, ஒரு டிக்கெட்: ஆப்பிரிக்க, அரபு ஓவியங்களைப் பார்க்க முதலில் எந்த ஊர்?

அண்ணன் மகள் கோவையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறாள். மூன்று வருடச் சேமிப்பு, ஏழு நாள் விடுப்பு, முதல் வெளிநாட்டுப் பயணம். "எல்லாரும் பாரிஸுக்குப் போய் மோனாலிசாவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள், அத்தை. எனக்கு அது வேண்டாம். ஆப்பிரிக்காவிலும் அரபு நாடுகளிலும் இந்த நூறு வருடத்தில் வரைந்ததைப் பார்க்க வேண்டும். முகமூடி, ஈட்டி, கம்பளம் எதுவும் வேண்டாம். ஒரு ஊர் சொல்லுங்கள்" என்றாள்.

கையில் பட்டியலும் வைத்திருந்தாள்: ஷார்ஜா, தோஹா, கேப் டவுன், தகார், மராகேஷ், கெய்ரோ. கடைசியில் கேள்விக்குறியோடு லண்டன். இரண்டு வாரம் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நாங்கள் போட்ட சண்டைதான் இந்தக் கட்டுரை. அவளைப் போல ஒரு பயணத்துக்கு மட்டும் வசதி உள்ளவர்களுக்காக எழுதுகிறேன். வருடத்துக்கு நான்கு முறை பறப்பவர்கள் ஏழு ஊருக்கும் போய்விட்டு வரட்டும், எனக்குப் பொறாமை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஊர்களுக்குள் நுழையும் முன் ஒரு சிக்கலை அவிழ்க்க வேண்டியிருந்தது. ஆப்பிரிக்க ஓவியம் ஒரு பெட்டி, அரபு ஓவியம் இன்னொரு பெட்டி என்று நினைத்துத்தான் அவள் கேட்டாள். அருங்காட்சியகங்களும் அப்படித்தான் பெயர்ப்பலகை மாட்டியிருக்கின்றன. சரி, எகிப்து எந்தப் பெட்டியில்? மொராக்கோ? சூடான்?

இப்ராஹிம் எல்-சலாஹியை எடுத்துக்கொள்ளுங்கள். 1930இல் சூடானின் ஓம்துர்மானில் பிறந்தவர். தந்தை நடத்திய குர்ஆன் பள்ளியில் அரபு எழுத்தை அழகாக எழுதப் பழகினார். 1950களில் லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியில் படித்துவிட்டு ஊர் திரும்பி, சூடானின் தலைநகர் கார்ட்டூமில் ஒரு ஹோட்டலில் கண்காட்சி வைத்தார். திறப்பு நாளில் தின்பண்டத்துக்குக் கூட்டம் வந்தது. பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவரே பேட்டிகளில் சொன்ன கதை இது. லண்டனில் கற்றுவந்த படம் ஊர்க்காரர்களை ஏன் தொடவில்லை என்று யோசித்தவர், அவர்கள் தங்கள் வீட்டுச் சுவரில் என்ன மாட்டியிருக்கிறார்கள், கூடையில் என்ன கோலம் முடைகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார். அரபு எழுத்தை எடுத்து உடைத்தார். உடைந்த எழுத்துகளுக்குள்ளிருந்து நீண்ட முகங்களும் கொம்புள்ள விலங்குகளும் எழுந்து வந்தன. அது அரபு ஓவியமா, ஆப்பிரிக்க ஓவியமா?

1975இல் அரசைக் கவிழ்க்கும் முயற்சியில் தொடர்பு என்று சொல்லி விசாரணை இல்லாமல் ஆறு மாதம் கோபர் சிறையில் அடைத்தார்கள். காகிதம் வைத்திருப்பதே குற்றமான அந்த இடத்தில், கிடைத்த தாள் துண்டுகளில் வரைந்து மணலில் புதைத்துவைத்தார். வெளியே வந்ததும் நாட்டைவிட்டுக் கத்தாருக்குப் போனார். அங்கே பல ஆண்டுகள் இருந்துவிட்டுப் பின்னர் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் குடியேறினார். அவருடைய வாழ்நாள் படைப்புகளைத் தொகுத்த பெரிய கண்காட்சியை உருவாக்கியது நியூயார்க்கின் ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகம். அது முதலில் வந்து இறங்கிய ஊர் ஷார்ஜா, 2012இல். பிறகு கத்தார். 2013இல் லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடம். அண்ணன் மகளின் பட்டியலில் பாதி இந்த ஒரு மனிதரின் கதைக்குள்ளேயே அடங்கிவிட்டது.

ஆகவே அவளிடம் சொன்னேன்: எல்-சலாஹியை எடைக்கல்லாக வைத்துக்கொள். இந்த ஊர் அவரை எந்தப் பெட்டியில் போடும், அல்லது பெட்டியே இல்லாமல் சுவரில் மாட்டுமா என்று ஒவ்வொரு ஊரிடமும் கேட்போம்.

"அப்படியானால் கார்ட்டூமுக்கே போய்விடலாமே" என்றாள். 2023 ஏப்ரலில் தொடங்கிய போரில் அந்த ஊர் சிதைந்துகிடக்கிறது. தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. இப்போதைக்கு சூடானின் ஓவியத்தைச் சூடானுக்கு வெளியேதான் பார்க்க முடியும்.

தோஹாவா, ஷார்ஜாவா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். இரண்டும் வளைகுடா, இரண்டும் நம் ஊரிலிருந்து நாலைந்து மணி நேரப் பறப்பு, இரண்டிலும் விடுதியைவிட்டு இறங்கினால் தமிழ் காதில் விழும். அருங்காட்சியகத்துக்குள் நுழைந்த பிறகு வேறுபாடு பெரிது.

தோஹாவில் போக வேண்டிய இடத்தின் பெயர் மத்ஹஃப். அரபியில் மத்ஹஃப் என்றாலே அருங்காட்சியகம்தான். 2010 டிசம்பர் 30 அன்று, கல்வி நகரம் என்ற பல்கலைக்கழக வளாகத்தில், பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் திறந்தார்கள். தோஹாவின் மற்ற அருங்காட்சியகங்கள் ஒவ்வொன்றும் பேர் பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவர் கைவண்ணத்தில் கண்ணைப் பறிக்க, இது மட்டும் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அதுவே பிடிக்கும். வாசலில் எகிப்தியச் சிற்பி ஆதம் ஹெனெய்ன் கருங்கல்லில் செய்த கப்பல் ஒன்று நிற்கிறது. ஸ்பிங்க்ஸ் சிலையைச் செப்பனிடும் பணியில் பல ஆண்டு இருந்த கைகள் செய்த கப்பல். கல் எப்படி வெயிலில் நிற்க வேண்டும் என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

உள்ளே இருப்பது ஷேக் ஹஸன் பின் முஹம்மது அல் தானி பல ஆண்டுகளாகச் சேர்த்த தொகுப்பிலிருந்து வளர்ந்தது. 9,000க்கும் மேற்பட்ட படைப்புகள். இந்தத் தொகுப்பின் முதுகெலும்பு ஈராக். 1951இல் பாக்தாதில் ஜவாத் சலீமும் ஷாகிர் ஹஸனும் நண்பர்களும் கூடி ஒரு குழு தொடங்கினார்கள். பிக்காசோவையும் பார்ப்போம், 13ஆம் நூற்றாண்டில் அதே பாக்தாதில் ஏடுகளுக்குச் சித்திரம் வரைந்த அல்-வாசித்தியையும் பார்ப்போம் என்பது அவர்கள் கொள்கை. பத்து வருடத்தில் ஜவாத் சலீம் இறந்துபோனார், 42 வயதுகூட ஆகவில்லை. அந்தத் தலைமுறையின் ஏராளமான படங்கள் பாக்தாதின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருந்தன. 2003 படையெடுப்பின்போது அதையும் கொள்ளையடித்தார்கள். பாபிலோனியப் பழம்பொருள்கள் திருடுபோனதை உலகம் முழுக்க எழுதியது. ஓவியங்கள் போனதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆகவே ஈராக்கின் நவீன ஓவிய வரலாற்றைச் சுவரில் வரிசையாகப் பார்க்க வேண்டுமென்றால், ஈராக்குக்கு வெளியே உள்ள தோஹா போன்ற ஓர் ஊருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. ஈராக்கிய ஓவியர் ஸியா அஸ்ஸாவியின் பெரிய கித்தான்களை அங்கே நேரில் பார்த்தால், அச்சில் பார்த்தது எவ்வளவு ஏமாற்று என்று புரியும்.

தோஹாவுக்கு இன்னொரு பலம் இந்தியர்களுக்கே உரியது. எம்.எஃப். உசேன் வழக்குகளாலும் மிரட்டல்களாலும் இந்தியாவைவிட்டு வெளியேறி, 2010இல் கத்தார் குடியுரிமை பெற்று, கடைசிக் காலத்தில் அரபு நாகரிகத்தைப் பற்றி ஒரு வரிசை வரைந்துகொண்டிருந்தார். 2011இல் லண்டனில் இறந்தார். அதே கல்வி நகரத்தில் 2025இல் அவருக்கென்று தனி அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். அதன் பெயரின் பொருள் பலகையும் எழுதுகோலும். நம் நாட்டு ஓவியர் ஒருவரின் பெருந்தொகுப்பைப் பார்க்க நாம் கடவுச்சீட்டோடு கிளம்ப வேண்டியிருக்கிறது. இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

குறைகளும் உண்டு. 9,000 என்றால் 9,000மும் சுவரில் இருக்காது. ஒரு சிறு பங்குதான் எப்போதும் காட்சியில். சில பருவங்களில் கட்டடத்தின் பெரும்பகுதியைத் தற்காலிகக் கண்காட்சி பிடித்துக்கொள்ளும். தோஹாவில் எல்லாமே தூரம் தூரமாக இருக்கிறது. மெட்ரோ கல்வி நகரம் வரை போகிறது, ஆனால் அதற்குப் பிறகும் நடை இருக்கிறது, மே மாதத்தில் அந்த நடையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 2026 முதல் ஆர்ட் பாசல் என்ற உலகப் பெரும் கலைச்சந்தையும் பிப்ரவரியில் அங்கே கூடத் தொடங்கியிருக்கிறது. சந்தை நாட்களில் அறை வாடகை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எல்-சலாஹியின் பெட்டிக் கேள்விக்கு மத்ஹஃபின் பதில் அதன் பெயரிலேயே இருக்கிறது: அரபு நவீனக் கலை அருங்காட்சியகம். அங்கே அவர் அரபு ஓவியர். பொய் சொல்லவில்லை, பாதி சொல்கிறது.

இப்போது ஷார்ஜா. துபாயின் பக்கத்து வீடு, மது கிடையாது, போக்குவரத்து நெரிசல் மட்டும் தாராளம் என்று பலருக்குத் தெரிந்த ஷார்ஜா. அங்கே 1993 முதல் ஈராண்டுக்கு ஒரு முறை கலைப் பெருவிழா நடக்கிறது. தொடங்கியபோது வழக்கமான அரசு விழா. 2003இல் ஷார்ஜா ஆட்சியாளரின் மகள் ஹூர் அல் காசிமி கையில் எடுத்த பிறகு அது வேறாகிவிட்டது. 2023 விழாவைக் கருத்தளவில் அமைத்தவர் நைஜீரியாவில் பிறந்த ஒக்வி என்வேஸோர். நோயில் அவர் 2019இல் இறந்துவிட, ஹூர் அதை முடித்து நடத்தினார். அரபு ஊர் ஒன்றின் மிகப்பெரிய கலை விழாவை ஓர் ஆப்பிரிக்கரின் சிந்தனை தாங்கி நின்றது. பெட்டிகள் உடைவது என்றால் இதுதான்.

விழா இல்லாத நாட்களிலும் ஷார்ஜா காலியாக இருப்பதில்லை. கடற்கரையோரப் பழைய மரைஜா பகுதியில், பவளக்கல்லில் கட்டிய வீடுகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் புதிய காட்சியறைகள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக இரண்டு நிமிடம் சந்து வழியே நடக்க வேண்டும். அந்தச் சந்துகளில் பக்கத்துக் கடைக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஓவியம் பார்த்துக் களைத்த கண்ணுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. விழாவை நடத்தும் ஷார்ஜா கலை அறக்கட்டளையின் இந்தக் காட்சியறைகளுக்கும் அரசின் ஷார்ஜா கலை அருங்காட்சியகத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. இது சின்ன விஷயம் இல்லை. டிக்கெட் வாங்கிய இடத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுவோம். இலவசமான இடத்தில் ஒரு படத்துக்காக மட்டும் மறுநாளும் போகலாம்.

அப்படி மறுநாளும் போகத்தக்க படங்கள் அந்தக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சுல்தான் சவூத் அல் காசிமி 2010இல் தொடங்கிய பர்ஜீல் அறக்கட்டளையின் தொகுப்பு 2018 முதல் அங்கே நெடுநாள் காட்சியாக இடம்பெற்று வருகிறது. ஆண் ஓவியர்களையும் பெண் ஓவியர்களையும் சம எண்ணிக்கையில் மாட்டுவது என்று முடிவெடுத்து அதன்படி மாட்டியிருக்கிறார்கள். எகிப்தில் 1959 முதல் நான்கு ஆண்டு அரசியல் கைதியாக இருந்து, சிறைக்குள்ளேயே வரைந்த இன்ஜி எஃப்லாத்துன் போன்றவர்கள் 'மகளிர் மூலை' என்று ஒதுக்கப்படாமல் நடுச்சுவருக்கு வருவது அதனால்தான்.

ஒரு படத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஈராக்கின் காதிம் ஹைதர் 1965இல் வரைந்தது. களைத்த பத்துக் குதிரைகள் ஒன்றுமில்லாததோடு பேசுகின்றன என்பது அதன் தலைப்பு. கர்பலாப் போரில் இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட துயரத்தை ஈராக்கியர்கள் முஹர்ரம் மாதத்தில் ஊர்வலமாகவும் நாடகமாகவும் நினைவுகூர்வார்கள். அந்த நினைவை எடுத்து நாற்பது படங்களுக்குக் கிட்ட ஒரு வரிசை வரைந்தார் ஹைதர். இதில் வெள்ளைக் குதிரைகள் மட்டும்தான். மேலே ஆள் இல்லை. நெருக்கியடித்து நிற்கின்றன, உடல்கள் கத்தியால் சீவியது போலத் தட்டையாக, மூலை மூலையாக. முதலில் ஒரே கூட்டமாகத் தெரியும். நின்று எண்ணத் தொடங்கினால்தான் ஒவ்வொரு தலையும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருப்பது புரியும். இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பார்களே, அது போல. 1963இல் ஈராக்கில் ஆட்சி கவிழ்ந்து நிறைய இளைஞர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். 1965இல் இதைப் பார்த்தவர்களுக்கு ஏழாம் நூற்றாண்டு மட்டும் நினைவுக்கு வந்திருக்காது.

அதே தொகுப்பில் எகிப்தின் ஹாமித் உவைஸ் வரைந்த காவலன் இருக்கிறான். 1967இல் இஸ்ரேலிடம் தோற்ற பிறகு வரைந்தது. துப்பாக்கியோடு மலை போல ஒரு மனிதன், அவன் அரவணைப்புக்குள் சின்னஞ்சிறு உருவங்களாக ஊரின் அன்றாட வாழ்க்கை. எல்-சலாஹியின் 1964 ஆண்டுப் படம் ஒன்றும் இந்தத் தொகுப்பில்தான், 'கடைசி ஒலி' என்று பெயர். உயிர் பிரியும் வேளையில் ஓதும் சொற்களைப் பற்றியது. பிறைகளும் கோள்களும் எழுத்தின் எலும்புகளும் ஒரே இருட்டில் மிதக்கின்றன.

ஷார்ஜாவில் ஹசன் ஷரீஃபையும் தவறவிடக் கூடாது. அமீரகத்துக்காரர், 2016இல் இறந்தார். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ரப்பர் செருப்பு, கயிறு, அட்டை, ஸ்பூன் இவற்றை மூட்டை மூட்டையாக வாங்கி, வெட்டி, கம்பியால் கட்டிக் குவித்தார். செருப்புக் குவியல் ஒன்றின் முன் நான் வெகுநேரம் நின்றேன். வளைகுடாவின் தொழிலாளர் குடியிருப்புகளில் வாசல்தோறும் கழற்றிப் போட்டிருக்குமே, அதே செருப்பு. எண்ணெய்ப் பணம் வந்த ஊரில் என்ன குவிந்தது என்று கேட்டு, அதைச் சந்தைச் சரக்கிலேயே பதிலாகக் கட்டி வைத்துவிட்டார்.

ஷார்ஜாவின் குறை, வரலாற்றை வரிசையாகச் சொல்வதில் தோஹா அளவுக்குப் பொறுமை கிடையாது. கண்காட்சிகள் வரும், போகும். இடைப்பட்ட வாரத்தில் போய் மாட்டிக்கொண்டால் பாதி அறைகள் பூட்டியிருக்கும். விழா பெரும்பாலும் ஒற்றைப்படை ஆண்டுகளில், பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வரை. முதல் இரண்டு மாதத்துக்குள் போய்விட வேண்டும், பிறகு வெயில் உயிரை எடுக்கும். வெள்ளிக்கிழமை காலையில் எந்த வளைகுடா அருங்காட்சியகத்தின் வாசலிலும் போய் நிற்காதீர்கள், பல இடங்களில் பிற்பகலில்தான் கதவு திறக்கும்.

கேப் டவுன், தனி வழக்கு

இவ்வளவு சொன்ன பிறகும் அண்ணன் மகளின் மனம் கேப் டவுன் பக்கம் சாய்ந்திருந்தது. அந்தக் கட்டடத்தின் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும். துறைமுகத்தில் 1924இல் கட்டிய தானியக் கிடங்கு, 57 மீட்டர் உயரம், 42 கான்கிரீட் குழாய்கள். பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் தாமஸ் ஹெதர்விக் ஒரு சோள மணியின் வடிவத்தைப் பெரிதாக்கி, அந்த வடிவத்தில் குழாய்களின் நடுவைக் குடைந்தெடுத்துவிட்டார். உள்ளே நின்று நிமிர்ந்தால் வெட்டுப்பட்ட குழாய்களின் விளிம்புகள் கோயில் மண்டபத் தூண்கள் போல வளைந்து மேலே போகின்றன. 2017 செப்டம்பரில் ஸைட்ஸ் மோக்கா என்ற பெயரில் திறந்தது. ஆப்பிரிக்காவின் இன்றைய கலைக்கென்று அந்தக் கண்டத்தில் கட்டிய மிகப்பெரிய அருங்காட்சியகம்.

தொடக்கத்தில் முணுமுணுப்பு இருந்தது. ஜெர்மானியத் தொழிலதிபர் ஒருவரின் தொகுப்பு, தலைமையில் வெள்ளையர், கட்டடத்தில்தான் ஆர்ப்பாட்டம் என்று. 2019இல் கேமரூனில் பிறந்து தகாரில் கலைமையம் நடத்திய கோயோ குவோ பொறுப்புக்கு வந்தார். அவர் காலத்தில் 2022இல் நடந்த ஒரு கண்காட்சி, கறுப்பினத்தவர் கறுப்பினத்தவரை வரைந்த நூறாண்டுப் படங்களை ஒன்று சேர்த்தது. அடிமைச் சங்கிலியும் போராட்டமும் மட்டுமே கறுப்பு வாழ்க்கை என்பதைத் தள்ளிவைத்து, மத்தியானத் தூக்கம், நடனம், பூசை, காதல் என்று அறைகளைப் பிரித்திருந்தார்கள். 2026 வெனிஸ் கலை விழாவின் பொறுப்பும் அவரைத் தேடி வந்தது. 2025 மே மாதம் திடீரென்று இறந்துபோனார்.

இருந்தாலும் கேப் டவுனில் என் ஓட்டு வேறொரு கட்டடத்துக்கு. ஊரின் பழைய தோட்டத்தை ஒட்டியிருக்கும் தென்னாப்பிரிக்கத் தேசியக் கலைக்கூடத்தில் ஜேன் அலெக்சாண்டரின் 'கசாப்புப் பையன்கள்' இருக்கிறார்கள். 1985-86, அவசரநிலைக் காலம். ஆள் உயரத்தில் மூன்று உருவங்கள் ஒரு பெஞ்சில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கின்றன, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல. மனித உடல். தலையில் முறிந்த கொம்பு. காது இருந்த இடத்தில் பள்ளம். வாய் இல்லை, தோல் மூடிவிட்டது. நிறவெறி ஆட்சியைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். அதை நடத்தியவனும் கேட்கவில்லை, பேசவில்லை, உட்கார்ந்திருந்தான் என்று இவ்வளவு அமைதியாகச் சொன்ன இன்னொரு படைப்பை நான் பார்த்ததில்லை. காட்சியில் இருக்கிறதா என்று முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள்.

கேப் டவுனுக்கும் நம் கரைக்கும் ஒரு பழைய கணக்கும் உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையிலிருந்தும் மலபாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் ஆட்களை அடிமைகளாகக் கேப்புக்குக் கொண்டுபோய் விற்றது. கேப் டவுன் ஓவியர் சூ வில்லியம்சன், அங்குள்ள ஆவணங்களில் இருந்த அப்படிப்பட்ட 119 விற்பனைப் பதிவுகளை எடுத்துப் பருத்தித் துணியில் கறுப்பு மையால் எழுதினார். பெயர், வயது, விலை, விற்றவன், வாங்கியவன். 2018 கொச்சி-முசிறிஸ் கலை விழாவில் அவை கொடியில் தொங்கின. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் வந்துவிடும் கொச்சியில் நான் பார்த்த முதல் தென்னாப்பிரிக்கப் படைப்பு அது. ஈர வேட்டி காய்கிறது என்று நினைத்துக் கிட்டப் போனேன்.

ஆனால் ஏழு நாள் கணக்கில் கேப் டவுன் தோற்றுவிடுகிறது. இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. போக ஒரு நாள், வர ஒரு நாள், களைப்புக்கு அரை நாள். எல்-சலாஹியின் கேள்விக்கும் அந்த ஊரின் பதில் கொஞ்சம் மங்கல். வடக்கு ஆப்பிரிக்காவை ஒதுக்கவில்லை என்றாலும், நான் போன சமயத்தில் சுவர்களின் கவனம் சஹாராவுக்குத் தெற்கேயும் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும்தான் இருந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தால் நான் சொல்லும் வழி வேறு: தோஹாவில் விமானம் மாறும்படி டிக்கெட் எடுத்து, இரண்டு இரவு இறங்கி மத்ஹஃபையும் உசேனையும் பார்த்துவிட்டுக் கேப் டவுன் போவது. தோஹா தனிப் பயணமாகச் சற்று மெலிவு, இடைத்தங்கலாக மிகப் பொருத்தம்.

மற்றவை

தகாருக்கு ஆசைப்படாதவர் ஆப்பிரிக்கக் கலையை நேசிப்பவரே அல்ல என்று ஒரு காலத்தில் நினைத்தேன். செனகல் நாட்டின் தலைநகர், கவிஞரான அதிபர் செங்கோர் 1966இல் உலகக் கறுப்பினக் கலை விழாவை நடத்திய ஊர். 1992 முதல் ஈராண்டு விழா. அந்த விழாவின் அழகு அதிகாரபூர்வ அரங்கில் இல்லை. ஊர் முழுக்கத் தையல் கடை, உணவகம், வீட்டு மாடி என்று கிடைத்த இடத்தில் நடக்கும் துணைக் கண்காட்சிகளில் இருக்கிறது. தெருவோரத்தில் கண்ணாடி ஓவியங்கள் விற்பார்கள். கண்ணாடியின் பின்பக்கத்தில், முதலில் கண்ணும் மூக்கும் நகையும், கடைசியில் பின்னணி என்று தலைகீழ் வரிசையில் வரையும் முறை. நம் தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்களுக்கும் அதே வித்தைதான். ஆனால் விழா இல்லாத வருடம் போனால் ஊர் தன்னைச் சுலபமாகக் காட்டாது, பிரெஞ்சு தெரியாவிட்டால் இன்னும் கஷ்டம். தேதியையும் நம்ப முடியாது: 2024 விழா மே மாதத்திலிருந்து நவம்பருக்குத் தள்ளிப்போனது. முதல் பயணத்துக்கு வேண்டாம்.

மராகேஷ் என்னைக் கடைசி வரை இழுத்துக்கொண்டிருந்தது. 1969இல் காசாபிளாங்கா கலைப்பள்ளி ஆசிரியர்கள், ஃபரீத் பெல்காஹியா, முஹம்மது மெலேஹி, சபா முதலானோர், தங்கள் படங்களை எடுத்துக்கொண்டு போய் மராகேஷின் ஜமா எல்-ஃப்னா சந்தைத் திடலில், பாம்பாட்டிகளுக்கும் கதைசொல்லிகளுக்கும் நடுவே வெட்டவெளிச் சுவரில் மாட்டினார்கள். கார்ட்டூம் ஹோட்டலில் எல்-சலாஹிக்கு வராத கூட்டம் இவர்களுக்குச் சும்மா நடந்துபோகும்போதே கிடைத்தது. பெல்காஹியா பிற்பாடு கித்தானையே விட்டுவிட்டு ஆட்டுத்தோலில் மருதாணியும் குங்குமப்பூவும் கொண்டு வரைந்தார். அந்த ஊரில் 2016இல் திறந்த நவீன அருங்காட்சியகம் தன் பெயரில் 'ஆப்பிரிக்க' என்ற சொல்லைத்தான் வைத்துக்கொண்டது, 'அரபு' என்பதை அல்ல. 1984இல் ஆப்பிரிக்க அமைப்பிலிருந்து வெளியேறிய மொராக்கோ, 2017இல் ஆப்பிரிக்க ஒன்றியத்துக்குத் திரும்பிய காலம் அது. ஓவியத்தின் பெட்டி அரசியலோடு எப்படி நகர்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இரண்டாம் பயணத்துக்கு என் ஓட்டு மராகேஷுக்குத்தான்.

கெய்ரோவுக்குப் பிரமிடு பார்க்க எப்படியும் போவீர்கள். அப்போது பல்கலைக்கழக வாசலில் மஹ்மூத் முக்தாரின் 'எகிப்தின் விழிப்பு' சிலையைப் பாருங்கள். இளஞ்சிவப்புக் கருங்கல், 1928. எழுகிற ஸ்பிங்க்ஸின் தலைமேல் ஒரு கை, முகத்திரையை விலக்கும் மறு கை, நிமிர்ந்த குடியானவப் பெண். ஜெசீராத் தீவில் முக்தாருக்குத் தனி அருங்காட்சியகமும் பக்கத்திலேயே நவீன எகிப்தியக் கலை அருங்காட்சியகமும் உண்டு. பின்னது அவ்வப்போது பழுதுபார்ப்புக்கு மூடிவிடும். ஒரு நாட்டின் கதையை மட்டும் ஆழமாகப் பார்க்க நினைப்பவர்களுக்குக் கெய்ரோவை மிஞ்ச ஆள் இல்லை. அண்ணன் மகள் அப்படிக் கேட்கவில்லை.

லண்டனில் எல்லாம் இருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கானாவில் பிறந்த சிற்பி எல் அனட்சுயி மது பாட்டில் மூடிகளைத் தட்டி, செம்புக் கம்பியால் தைத்த தகதகக்கும் துணி தொங்குகிறது. டேட்டில் எல்-சலாஹி இருக்கிறார். விசாக் கட்டணத்தையும் விடுதி வாடகையையும் கூட்டிப் பார்த்துவிட்டு அவளே கேள்விக்குறியை அடித்துவிட்டாள்.

ஆக, ஷார்ஜா. ஐந்து நாள் அங்கே, துபாயின் ஜமீல் கலைமையத்துக்கு ஒரு நாள், அதுவும் இலவசம். கோவையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. ஒரே ஒரு பயம் அவளுக்கு: போகிற சமயத்தில் குதிரைகளையும் 'கடைசி ஒலி'யையும் கழற்றிக் கிடங்கில் வைத்திருந்தால்? தொகுப்பிலிருந்து படங்களை மாற்றி மாற்றி மாட்டுவார்கள், வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கும் இரவல் போகும். நியாயமான பயம். "மின்னஞ்சல் எழுதிக் கேள், பெரும்பாலும் பதில் போடுவார்கள்" என்றேன். நேற்று இரவு எழுதிவிட்டாளாம். பதில் வந்த பிறகுதான் டிக்கெட் என்று இருக்கிறாள்.